முகாம் முடிந்தது, நோயாளி எங்கே?



நம் ஊர்களில் இலவச மருத்துவ முகாம் எப்படி நடக்கும் என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு வாரத்துக்கு முன்பே சுவரொட்டி ஒட்டிவிடுவோம். பந்தல், மைக், வாடகை நாற்காலி எல்லாம் தயாராகிவிடும். மருத்துவக் கல்லூரியிலிருந்து வேனில் மாணவர்கள் வந்து இறங்குவார்கள். காலையில் துவக்க உரை, பிறகு பொன்னாடை, மதியம் பிரியாணி. மாலையில் பந்தலைப் பிரிக்கும்போது "எத்தனை பேர் பயனடைந்தார்கள்?" என்று ஒருவர் கேட்பார், இன்னொருவர் ஒரு எண்ணைச் சொல்வார். அந்த எண் புகைப்படத்தோடு பத்திரிகைக்குப் போகும். அத்தோடு முகாம் முடிந்தது!

2017-ம் ஆண்டு எங்கள் கிளை சார்பில் நடந்த முகாமும் இப்படித்தான் நடந்தது. அதற்கு அமைப்பாளர் வேறு யாருமல்ல, நானேதான். எனவே இந்தக் கட்டுரையில் நான் யாரைக் குறை சொன்னாலும் அந்தப் பட்டியலில் முதல் ஆள் நான் என்பதை மனதில் வைத்துப் படியுங்கள்.

அந்த முகாமுக்கு எங்கள் தெருவில் பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு தாய் வந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். தெருவே அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடும். ஒரு பயிற்சி மருத்துவர் பிரஷர் பார்த்தார். மிக அதிகமாக இருந்தது. பத்து நாளைக்கு மாத்திரை கொடுத்து, "விடாமல் சாப்பிட வேண்டும், பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள்" என்று சொல்லி ஒரு அட்டையில் எழுதியும் கொடுத்தார். அந்தப் பிள்ளை தன் கடமையைச் சரியாகத்தான் செய்தது. அடுத்த நோயாளி வந்தார், அதற்கடுத்தவர் வந்தார், மாலையில் வேன் கிளம்பிவிட்டது.

ஏழு மாதம் கழித்து அவருடைய மகன் என்னைத் தேடி வந்தார். போய்ப் பார்த்தேன். பெரியம்மாவுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது. பாய் விரித்த மூலையில், சுவர் மாடத்தில், எங்கள் கிளையின் பெயர் அச்சிட்ட அட்டையும் தீர்ந்துபோன மாத்திரை அட்டையும் அப்படியே இருந்தன. என்னைப் பார்த்து அவர் திக்கித் திக்கிக் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பிள்ளைங்க மறுபடி எப்ப வருவாங்க, ஹஜரத்?"

என்னிடம் பதில் இல்லை. எந்த மேடையிலும் பதில் இல்லாமல் நின்றவன் அல்ல நான். அன்று நின்றேன்.

யார் எதைக் கற்றார்கள்?

சகோதரர்களே! இரத்த அழுத்தம் என்பது வலிக்கிற நோய் அல்ல. மாத்திரை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் பெரும்பாலும் உடம்பில் வித்தியாசம் தெரியாது. அதனால்தான் தீர்ந்ததும் விட்டுவிடுகிறார்கள். விட்டதன் விலை பல மாதம், பல வருடம் கழித்துப் பக்கவாதமாக, மாரடைப்பாக, சிறுநீரகப் பழுதாக வந்து நிற்கிறது. இது மருத்துவம் படிக்கும் எல்லாப் பிள்ளைக்கும் பாடப் புத்தகத்திலிருந்தே தெரியும்.

ஆனால் பெரியம்மா ஏன் மாத்திரையை விட்டார் என்பது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? பெரியாஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பீடிக் கூலி போய்விடும். பஸ்ஸுக்குச் செலவு. வரிசையில் நிற்க முடியாத முழங்கால் வலி. "தலை சுத்தலே நின்னுபோச்சே, இனி எதுக்கு மாத்திரை?" என்ற நினைப்பு. "இங்கிலீஷ் மாத்திரை தொடர்ந்து சாப்பிட்டால் கிட்னி போய்விடும்" என்று பக்கத்து வீட்டில் சொன்ன அறிவுரை. உண்மையில் கிட்னியைக் கெடுப்பது கட்டுக்குள் வராத பிரஷர்தான் என்று அவருக்கு எடுத்துச் சொல்ல அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை.

இதையெல்லாம் அந்தப் பயிற்சி மருத்துவர் தெரிந்துகொள்ள வேண்டுமானால் இரண்டாம் முறையும் அந்த வாசலுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. நாம் அழைக்கவும் இல்லை. தான் பிரஷர் பார்த்த அந்தத் தாய்க்கு என்ன ஆனது என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. ஆக, நோயாளிக்கும் பயனில்லை, மாணவருக்கும் படிப்பினை இல்லை. பயனடைந்தது யார்? நம் சுவரொட்டிதான்!

நான் சொல்ல வருவது இதுதான். மருத்துவம், நர்சிங், பார்மஸி, பிசியோதெரபி படிக்கும் நம் பிள்ளைகள் வகுப்பறைக்கு வெளியே வந்து சேவை செய்யட்டும், கற்றுக்கொள்ளட்டும். ஆனால் ஒரு நாள் வந்து ஆயிரம் பேரைப் பார்ப்பதைவிட, ஒரே வீட்டுக்கு ஒரு வருடம் திரும்பத் திரும்பப் போவதுதான் சேவை. கல்வியும் அதுதான்.

இது புதிய யோசனை அல்ல

மத்ரஸாவில் ஏழு வருடம் ஓதியவன் நான். கிதாபுகளை மனப்பாடம் செய்தோம், இலக்கணம் படித்தோம். ஆனால் பேசக் கற்றுக்கொண்டது எங்கே தெரியுமா? ஒரு ரமலானில் கடற்கரைக் கிராமம் ஒன்றுக்கு உஸ்தாத் என்னை அனுப்பினார். கிதாபிலிருந்து கடினமான சொற்களை எடுத்து முதல் நாள் பொழிந்து தள்ளினேன். தொழுகை முடிந்ததும் வலை பின்னும் ஒரு முதியவர், "தம்பி, நல்லாத்தான் பேசினீங்க. யாருக்குப் பேசினீங்க?" என்று கேட்டார். முப்பது நாளும் அதே ஜனங்கள் முன்னால் நின்றதால்தான் எனக்குப் பேச்சு வந்தது. ஒரு நாள் பேசிவிட்டு ஊர் திரும்பியிருந்தால் இன்றைக்கும் அதே சொற்களைத்தான் பொழிந்துகொண்டிருப்பேன்.

மருத்துவக் கல்வியிலும் நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். ரே நகரிலும் பக்தாதிலும் மருத்துவமனைகளுக்குத் தலைமை வகித்த அபூபக்கர் அர்ராஸியைச் சுற்றி மாணவர்கள் வட்டம் வட்டமாக அமர்ந்திருப்பார்களாம். நோயாளி வந்தால் முதலில் வெளி வட்டத்தில் இருக்கும் இளம் மாணவர்கள் விசாரிப்பார்கள். அவர்களால் முடியாவிட்டால் அடுத்த வட்டத்தார். அவர்களுக்கும் பிடிபடாததை மட்டும் ராஸி பேசுவார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நோயாளியை முன்னால் வைத்துத்தான் பாடம் நடந்திருக்கிறது. "ராஸி நம்மவர்" என்று மேடையில் பெருமை பேசுகிற நாம், அவர் பாடம் நடத்திய முறையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

கதவு திறந்துதான் இருக்கிறது

"படிக்கிற பிள்ளைக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று கேட்கும் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த நேரம் பாடத்திட்டத்திலேயே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

1969-ல், காந்தியடிகள் நூற்றாண்டின்போது, நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது. அதில் சேரும் மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும், ஏழு நாள் முகாமில் தங்க வேண்டும். 2021-22-ல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்கள் முதல், ஒவ்வொரு மாணவரும் கிராமத்தில் குறைந்தது மூன்று குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் விதித்திருக்கிறது. மூன்று ஆண்டுகளில் இதற்கு ஒதுக்கப்பட்ட நேரம் 78 மணி. படிப்பு முடிந்தபின் வரும் கட்டாயப் பயிற்சியிலும் 12 வாரம் சமூக மருத்துவத்துக்குரியது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படுக்கையில் கிடப்போருக்கு இயன்முறை சிகிச்சையும் வலி நிவாரண சிகிச்சையும் வீட்டில் கிடைக்க வழி செய்யப்பட்டிருக்கிறது. 2017-ல் இது இருந்திருந்தால் பெரியம்மாவின் கதை வேறாக இருந்திருக்கக் கூடும்.

கதவு திறந்திருக்கிறது. ஆனால் அந்தக் கதவுக்குள் எப்படி நுழைகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தத்தெடுத்த குடும்பத்தின் பெயர்கூடத் தெரியாமல் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பும் பிள்ளைக்கு 78 மணி நேரமும் வீண். அந்த வீட்டில் யாருக்கு என்ன மாத்திரை, ஏன் விட்டார்கள், அடுப்பில் என்ன வேகிறது என்று தெரிந்துகொள்ளும் பிள்ளைக்கு அந்த 78 மணி நேரம் ஒரு பல்கலைக்கழகம்!

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள்

கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் 1993-ல் வலி தணிப்பு சிகிச்சைக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். குணப்படுத்த முடியாது என்று கைவிடப்பட்ட புற்றுநோயாளிகளின் வலியையாவது தணிப்போம் என்பதுதான் நோக்கம். சில ஆண்டுகளிலேயே ஒன்று புரிந்தது. இந்த நோயாளிகளால் ஆஸ்பத்திரிக்கு வர முடியாது, நாம்தான் அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். ஆனால் எத்தனை டாக்டர்களால் எத்தனை வீட்டுக்குப் போக முடியும்?

அப்போதுதான் ஊர் மக்கள் இறங்கினார்கள். 1999 வாக்கில், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலப்புரம் மாவட்டத்தில், அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்றுப் படுக்கை நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வலையமைப்பு உருவானது. கடைக்காரர்கள், ஆசிரியர்கள், இல்லத்தரசிகள், கல்லூரி மாணவர்கள் எனப் பலரும் தொண்டர்களானார்கள். பெரும் பணக்காரர்களின் காசோலையை நம்பாமல், சாமானியர்கள் தரும் சிறு தொகைகளில் அது நடந்தது. 2008-ல் கேரள அரசே இதற்கென ஒரு கொள்கையை அறிவித்தது. உலகின் பல நாடுகளிலிருந்து வந்து இதைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பக்கத்திலிருக்கும் நாம் போய்ப் பார்த்தோமா?

ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு வேலை உண்டு

டாக்டருக்குப் படிப்பவர் மட்டும்தான் சேவை செய்ய முடியும் என்று நினைக்காதீர்கள்.

படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வரும். எப்படிப் புரட்டுவது, தோலை எப்படிச் சுத்தமாக வைப்பது என்று மருமகளுக்குக் கற்றுக்கொடுக்க நர்சிங் மாணவி போதும். விழுந்துபோன கைக்கு என்ன பயிற்சி, சுவரைப் பிடித்து எப்படி நிற்பது என்று ஆசிரியரின் மேற்பார்வையில் பிசியோதெரபி மாணவர் சொல்லித்தரலாம். ஒரே பையில் நான்கு டாக்டர்களின் மாத்திரை கலந்து கிடக்கும் வீடுகள் நம் தெருவில் எத்தனை! ஒரே மருந்து இரண்டு பெயரில் இருப்பதைக் கண்டுபிடித்து டாக்டரிடம் கொண்டுபோகப் பார்மஸி மாணவருக்குத் தெரியும்.

நம் சமுதாயத்துக்கே உரிய ஒரு வேலையும் இருக்கிறது. ரமலான் வந்தால் சுகர் நோயாளிகள் தாங்களாகவே மாத்திரையைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறார்கள். சிலர் இன்சுலினையே நிறுத்திவிடுகிறார்கள். சிலர் கண் இருண்டு விழும்வரை நோன்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ரமலானுக்கு ஆறு, எட்டு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்து மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். இரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலும் 300-க்கு மேலே ஏறினாலும் அன்றைய நோன்பை முறித்துவிட வேண்டும் என்பது மருத்துவர்களின் வழிகாட்டல். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது. இதை டாக்டர் மட்டும் சொன்னால் ஜனங்கள் தயங்குவார்கள், ஆலிம் மட்டும் சொன்னால் அளவு தெரியாது. ஷஃபான் மாதத்துக்கு முன்பே ஒரு மருத்துவ மாணவரும் ஓர் ஆலிமும் சேர்ந்து வீடு வீடாகப் போனால் எத்தனை உயிர் பிழைக்கும்! அந்த மாணவருக்கும் இது எந்த வகுப்பறையிலும் கிடைக்காத பாடம்.

மகளைத் தடுக்கும் தந்தைக்கு ஒரு வார்த்தை

நர்சிங் படிக்கும் ஒரு மாணவியின் தந்தை என்னிடம் வந்து, "கல்லூரியில் கிராமத்துக்கு அனுப்புகிறார்களாம். வீடு வீடாகப் போகச் சொல்கிறார்களாம். வேண்டாம் என்று நீங்கள் சொல்லுங்கள் ஹஜரத்" என்றார். அவருடைய கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் நான் அவருக்குச் சொன்ன வரலாறு ஒன்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

1890-களில் திண்டிவனத்தில் ஓர் அமெரிக்கப் பாதிரி மருத்துவரின் வீடு. ஒரே இரவில், ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆண்கள் அந்தக் கதவைத் தட்டினார்கள். மூவர் வீட்டிலும் மனைவி பிரசவ வேதனையில். மருத்துவரின் மகள் ஐடா ஸ்கடர், "எனக்கு மருத்துவம் தெரியாது, என் தந்தை வருவார்" என்றார். ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். காலையில் மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அந்த மூன்று கணவர்களில் ஒருவர் முஸ்லிம். அந்த இரவுதான் ஐடாவை மருத்துவம் படிக்க வைத்தது. 1900-ல் மருத்துவராகத் திரும்பி வந்தார். 1918-ல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். இன்றைய வேலூர் சி.எம்.சி. அதன் வளர்ச்சிதான்.

நூறு ஆண்டு கடந்துவிட்டது. இன்றும் நம் வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவம் என்றால் "லேடி டாக்டர் இருக்கிறாரா?" என்றுதான் முதலில் கேட்கிறோம். அந்த லேடி டாக்டர் யாரோ ஒருவருடைய மகள்தானே? அடுத்தவர் மகள் வந்து நம் வீட்டைப் பார்க்க வேண்டும், நம் மகள் மட்டும் வாசலைத் தாண்டக் கூடாது என்றால் இது என்ன நியாயம்? நபியவர்களின் காலத்தில் மஸ்ஜிதை ஒட்டிய கூடாரத்தில் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்தவர் ருஃபைதா என்ற பெண்மணி என்பதை நான் எத்தனையோ ஜும்ஆவில் சொல்லியிருக்கிறேன். மிம்பரில் சொல்வதை வீட்டில் மறுக்கலாமா?

பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருவர் இருவராகப் போகட்டும். பகலில் போகட்டும். கிராம சுகாதார செவிலியரோடு போகட்டும். இதைக் கல்லூரியிடம் உரிமையோடு கேளுங்கள். கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல், பிள்ளையைப் பிடித்து வீட்டில் நிறுத்துவது பாதுகாப்பு ஆகாது.

எச்சரிக்கையும் வேண்டும்

மாணவச் செல்வங்களே! உங்களுக்கும் சில வார்த்தைகள்.

நீங்கள் இன்னும் டாக்டர் ஆகவில்லை. தெருவில் யாராவது "டாக்டர் தம்பி, ஒரு மாத்திரை எழுதிக்கொடுங்க" என்று கேட்கும்போது மனம் குளிரும். எழுதிவிடாதீர்கள்! பொறுப்பு மருத்துவரின் மேற்பார்வை இல்லாமல் ஊசி போடாதீர்கள், இன்சுலின் அளவை மாற்றாதீர்கள். ஏழையின் வீடு உங்களுடைய சோதனைக்கூடம் அல்ல. பணக்காரர் வீட்டில் செய்யத் துணியாத எதையும் குடிசையில் செய்யாதீர்கள்.

ஒரு வீட்டில் காசநோய் என்று தெரிந்தால் அது அடுத்த வீட்டுக்குத் தெரிய வேண்டிய செய்தி அல்ல. அதனால் ஒரு பெண்ணின் திருமணமே நின்றுபோகலாம். நோயாளியோடு நின்று புகைப்படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள். முகாம் நடத்தும் நம் நிர்வாகிகளுக்கும் இதையே சொல்கிறேன்.

நோயாளி எந்த மதம், எந்தத் தெரு என்று பார்க்காதீர்கள். நம் தெருவோடு நிற்கும் சேவைக்குச் சேவை என்று பெயரில்லை.

என்ன செய்யலாம்?

ஒவ்வொரு ஜமாஅத்தும், ஒவ்வொரு கிளையும் பெரிய திட்டம் எதுவும் போட வேண்டாம். உங்கள் பகுதியில் நீண்டகால நோயாளிகள் இருக்கும் இருபது வீடுகளை, அவர்களின் சம்மதத்தோடு, ஒரு நோட்டில் எழுதுங்கள். எல்லாச் சமூகத்து வீடுகளும் அதில் இருக்கட்டும். அந்த நோட்டோடு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரைப் பார்த்துப் பேசுங்கள். உங்கள் ஊரில் மருத்துவம் சார்ந்த படிப்பு படிக்கும் பிள்ளைகள் யார் யார் என்று கணக்கெடுங்கள். இருவருக்கு இரண்டு வீடு என்று பிரித்துக்கொடுங்கள். மாதம் ஒரு ஞாயிறு போதும். யார் மாத்திரையை நிறுத்தினார்கள், யாருக்குப் புண் வந்திருக்கிறது என்று எழுதி, அடுத்த நாளே மருத்துவ அலுவலரிடம் சேர்த்துவிட வேண்டும். முகாமுக்குப் போடும் பந்தல் செலவில் நாலில் ஒரு பங்குகூட இதற்கு ஆகாது.

எங்கள் கிளையில் இப்போது இதைத்தான் செய்கிறோம். பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. இருபது வீட்டில் ஆரம்பித்தோம், தேர்வு நேரத்தில் பிள்ளைகள் வராமல் சில வீடுகள் விட்டுப்போகின்றன. மகளை அனுப்பத் தயங்கிய அந்தத் தந்தை இப்போது அவரே சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை கூட வருகிறார். அவருடைய மகள்தான் பெரியம்மா வீட்டுக்குப் போகிறாள். பெரியம்மாவுக்குக் கை திரும்பவில்லை. ஆனால் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்து உட்கார்கிறார். மாத்திரையை விடுவதில்லை. "ஞாயித்துக்கிழமை புள்ளை வந்து எண்ணிப் பாக்கும்" என்கிறார்.

வாசகர்களே! அடுத்த முறை உங்கள் ஊரில் மருத்துவ முகாமுக்கு நோட்டீஸ் அடிக்கும்போது, சிறப்பு விருந்தினர் பெயருக்கு மேலே ஒரு வரியை அச்சிடச் சொல்லுங்கள்: "மறுபடியும் வரும் நாள்." அந்த நாளை எழுத முடியாவிட்டால், அந்த முகாமை நடத்தாதீர்கள்.